தொண்ணூற்றொன்பது மார்க் வாங்கிய வீடு

பொறாமை வயிற்றில்தான் வரும் என்று சொல்வார்கள். மாரிசெல்விக்கு அது காது வழியாக வந்தது. அவளைக் குற்றம் சொல்லாதீர்கள் கண்ணுகளா. சுவர் அப்படி.

தாராவியில் அந்தச் சந்தின் கடைசியில் பதினாலாம் நம்பர் முன்பு ஒரே வீடாகத்தான் இருந்தது. மாமனார் போன பிறகு அண்ணனும் தம்பியும் நெடுக்குவாட்டில் ஒரு பிளைவுட் பலகையை அடித்து அதை இரண்டாக்கிக்கொண்டார்கள். பதினாலு ஏ தம்பி இசக்கிமுத்துவுக்கு, அதாவது மாரிசெல்வியின் புருஷனுக்கு. பதினாலு பி அண்ணன் ஆறுமுகநயினாருக்கு. வீட்டிலிருந்த ஒரே ஜன்னல் பி பக்கம் விழுந்தது. பாகம் பிரித்த அன்று, "ஜன்னலைத் தம்பிக்கே குடுத்திருவோமே" என்று பெரியவர் ஆறுமுகநயினார் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அவர் மனைவி அன்னத்தாய் ஜன்னலை விடவில்லை. புருஷனோடு பேசுவதை விட்டுவிட்டாள். அது நடந்து ஒன்பது வருஷம். அந்த வீட்டில் என்ன சொல்ல வேண்டுமானாலும் மகள் அம்மு மூலமாகத்தான். "ஒங்க அப்பாகிட்ட சோறு எடுத்து வச்சாச்சுன்னு சொல்லு" என்பாள் அன்னத்தாய், அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு.

பலகைக்கு இந்தப் பக்கம் இவ்வளவும் கேட்கும். பெரிய மிக்ஸி வந்தது, வாஷிங் மெஷின் வந்தது, சயானில் பெரியவர் வைத்திருந்த மசாலாக் கடைக்கு ஏசி வந்தது எல்லாமே மாரிசெல்விக்குக் காதில் விழுந்த செய்திகள். பெல்ட் பக்கிளுக்குப் பாலீஷ் போடும் பட்டறையில் வேலை செய்கிற இசக்கிமுத்துவிடம் அவள் எதையும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விடுவாள். அவர் அதற்குப் பதிலாக அரை மணி நேரம் பேசுவார். பேச்சுக்கு மட்டும் அந்த வீட்டில் குறைவில்லை.

ஒன்றில் மட்டும் மாரிசெல்வி ஜெயித்திருந்தாள். பத்தாம் வகுப்பில் அவள் மகள் ஸ்ரீதேவி இங்கிலீஷில் தொண்ணூற்றொன்று, அம்மு எழுபத்தெட்டு. இந்தப் பதின்மூன்று மார்க்கை வைத்துக்கொண்டு அவள் இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினாள்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை பலகை பேசியது.

"அம்முவுக்கு அப்பர் ஹையருக்கு ஃபார்ம் குடுத்தாச்சு" என்று அன்னத்தாய் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமா, மஞ்சப் பட்டை."

மாரிசெல்வியின் கையிலிருந்த முருங்கைக்கீரை அப்படியே நின்றது. மஞ்சள் பட்டை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். செம்பூரில் இரண்டு வீட்டில் அவள் சமையல் செய்கிறாள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஸ்ரீ நித்யவாணி ஜூனியர் காலேஜில்தான் பதினொன்று படிக்கிறார்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிடும் பட்டை அங்கே மூன்று நிறம். பிளெயின் இங்கிலீஷுக்குக் காவி. ஹையர் இங்கிலீஷுக்கு நீலம். அப்பர் ஹையர் இங்கிலீஷுக்குப் பளபளவென்று மஞ்சள். மஞ்சள் பட்டைப் பிள்ளைகளுக்கு லிஃப்டில் போக அனுமதி உண்டு. மற்றப் பாடமெல்லாம் மூன்று நிறத்துக்கும் ஒன்றுதான். ஆனால் மற்றப் பாடத்துக்குப் பட்டை கிடையாது.

மறுநாளே அவளும் ஃபார்ம் வாங்கிக்கொண்டு பெற்றோர் கூட்டத்துக்குப் போனாள்.

கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றுவதில் மட்டும் நாற்பது நிமிடம் போயிற்று, ஏனென்றால் யார் எந்தத் திரியை ஏற்றுவது என்பது பதவி வரிசைப்படி. இங்கிலீஷ் துறைத் தலைவி மாலதி மேடம் மூன்று பாடத்தையும் விளக்கினார்.

"பிளெயின்ல குழந்தைகள் புஸ்தகம் படிப்பா. ஹையர்ல புஸ்தகத்தைப் பத்திப் படிப்பா. அப்பர் ஹையர்ல படிக்கறதைப் பத்தி யோசிப்பா. அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. அது எங்க ஸ்டாஃபுக்கு."

மாரிசெல்வி எழுந்து நின்றாள். "அந்த மேல் கிளாசுல என்னம்மா சொல்லிக் குடுப்பிய?"

மாலதி மேடம் கனிவாகச் சிரித்தார். "அதைக் கேக்கறவாளுக்கு இல்லைம்மா அந்தக் கோர்ஸ்."

அடுத்து பிரின்சிபால் அனந்தகிருஷ்ணன் பேசினார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், குரலை உயர்த்தாமல் பேசுபவர். சேர்க்கை மார்க்கைப் பார்த்து இல்லை என்றார். வீட்டைப் பார்த்து.

"மார்க்கை வச்சு எடுத்தோம்னு வச்சுக்கோங்கோ, தாராவிலேர்ந்தே நாப்பது பேர் வந்துடறா. அப்புறம் அப்பர்னு பேர் வச்சு என்ன பிரயோஜனம்? நாங்க எந்தக் குழந்தையையும் ஒதுக்கலை. வீட்டைத்தான் ஒதுக்கறோம்."

வீட்டுக்கு ஆள் வருவார்கள். முப்பது நிமிடம் உட்காருவார்கள். வீட்டுக்கு முதலில் நூறு மார்க் கொடுத்துவிடுவார்கள். இங்கிலீஷ் அல்லாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மார்க் குறையும். அப்பர் ஹையர் கேட்ட வீடு தொண்ணூறுக்குக் கீழே போனால் நேரே பிளெயின். வருஷம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் மறுபடி வந்து உட்காருவார்கள்.

"எங்களுக்கு இங்கிலீஷ் பேச வராதே சார்" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"ரொம்ப நல்லது" என்றார் பிரின்சிபால். "தப்பா இங்கிலீஷ் பேசற வீட்டைவிட ஒண்ணுமே பேசாத வீடு எவ்வளவோ தேவலை. மௌனத்துல கிராமர் மிஸ்டேக் வராது பாருங்கோ."

எல்லோரும் கை தட்டினார்கள். மாரிசெல்வியும் தட்டினாள். மேடையில் இருந்தவர்கள் தட்டியபோது தட்டாதவர்கள் யார் என்று ஒரு கிளார்க் குறித்துக்கொண்டிருந்தார்.

அன்னத்தாய் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார்கள். அவள் எதிலும் முதல். வெள்ளிக்கிழமை காலை மாலதி மேடமும் கிளார்க் சுப்ரமணியனும் பதினாலு பிக்குள் போவதை மாரிசெல்வி பார்த்தாள். சுப்ரமணியன் கையில் நாமஜபம் எண்ணுகிற விரல் மெஷின் இருந்தது. ஒரு சொல்லுக்கு ஓர் அமுக்கு.

மாரிசெல்வி பலகையில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்போதும் ஒன்றும் இல்லை. அவ்வளவு மெதுவாக இங்கிலீஷ் பேசுகிறார்கள் என்று நினைத்து அவளுக்குக் கண் இருட்டியது.

உள்ளே நடந்தது வேறு. அன்னத்தாயும் பெரியவரும் வழக்கம்போலவே உட்கார்ந்திருந்தார்கள். தூது போகும் அம்முவும் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதால் அந்த வீட்டில் சொல் பிறக்க வழியே இல்லாமல் போயிற்று. பெரியவர் கடையிலிருந்து மிளகாய் நெடியோடு வந்திருந்தார். இரண்டு தும்மல் போட்டார். தும்மலுக்கு ஒரு "முருகா" சொன்னார். இரண்டு மார்க் போயிற்று. தொண்ணூற்றெட்டு.

வாசலில் மாலதி மேடம் சொல்லிவிட்டுப் போனது மட்டும் மாரிசெல்விக்குத் தெளிவாகக் கேட்டது. "இருபது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு இங்கிலீஷான வீட்டைப் பார்க்கலை. புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிக்கூடப் பார்க்கலை. லண்டன்ல இப்படித்தான் இருக்கும்."

அன்று சாயங்காலம் அன்னத்தாய் பொதுக்குழாயடியில் சொன்னாள்: "எங்க வீட்டுல பேச்சே கம்மி, ஏட்டி மாரி. ஒங்க வீடுதான் எந்நேரமும் சந்தைக்கடை மாதிரிலா இருக்கு."

"ஒங்களுக்குப் பேச ஆள் இல்ல. எங்களுக்கு இருக்கு" என்றாள் மாரிசெல்வி. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். பேச ஆள் இருப்பதற்காக ஒருத்தி அழுதது அந்தச் சந்தில் அதுதான் முதல் தடவை.

அவர்கள் வீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். பயிற்சிக்கு எட்டு நாள். இசக்கிமுத்துதான் பெரிய பாடு. பட்டறை இரைச்சலில் கத்திப் பேசிப் பழகியவர், சட்னியில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் சரியாக இருந்தாலும் அதைப் பற்றி ஒரு பேச்சு வைத்திருப்பவர். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

"ஏட்டி, என்னால முடியாது. எனக்கு வாய்க்குள்ள அரிக்கி."

"ஒங்க மக லிஃப்டுல போவாங்க."

"நம்ம வீட்டுக்கே மாடி கெடையாது. இவ லிஃப்டுல போயி என்ன செய்யப் போறா?"

"அம்மு போவா" என்றாள் மாரிசெல்வி. அவர் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். அவளை அவருக்குத் தெரியும்.

ஞாயிறு பத்து மணிக்கு மாலதி மேடமும் சுப்ரமணியனும் வந்து உட்கார்ந்தார்கள். ஸ்ரீதேவி புத்தகத்தைப் பார்த்தாள். இசக்கிமுத்து வாயில் இரண்டு வெற்றிலையைத் திணித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். மாரிசெல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் தங்கம் மாதிரி போயிற்று.

பலகைக்கு அந்தப் பக்கம் அன்னத்தாய்க்குப் பொறுக்கவில்லை. தன் தொண்ணூற்றெட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தொண்ணூற்றொன்பது வந்துவிடுமோ என்று அவள் பலகையில் காதை வைத்தாள். பலகை தாண்டித் தமிழ் போனால் போதும், மெஷின் எண்ணிக்கொண்டே போகும். ஆனால் அம்மு டியூஷனுக்குப் போயிருந்தாள். தனியாகப் பேசினால் சந்தில் வேறு மாதிரிச் சொல்வார்கள். வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஆள்.

"இந்தாருங்க" என்றாள் அன்னத்தாய்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வந்த சொல் அது. பெரியவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார், யாராவது வந்திருக்கிறார்களா என்று.

"என்னையா?"

"ஒங்களத்தான். மத்தியானத்துக்கு என்ன கொழம்பு வைக்கட்டும்?"

"எது வச்சாலும் சரிதான்."

"எது வச்சாலும்னா? சத்தமாச் சொல்லுங்க. காதுல விழல."

"புளிக்கொழம்பு மட்டும் வேண்டாம். எனக்கு ஒன்பது வருசமாப் புளி ஒத்துக்கல."

"அத இப்பதான் சொல்லுதியளாக்கும்?"

"நீ இப்பதான கேக்க."

இந்தப் பக்கம் சுப்ரமணியனின் விரல் ஓடத் தொடங்கியது. டிக் டிக் டிக். மாரிசெல்வி சுவர்ப் பக்கம் திரும்பினாள். பலகையில் ஓங்கி ஒன்று போடலாமென்றால் அதற்கு வாயும் சேர்ந்து திறக்கும். அவள் சேலை முந்தியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே பெரியவர் புளியை முடித்து, முழங்கால் வலிக்கு வந்து, கடைப் பையன் ஓடிப்போன கதைக்குப் போய், ஜன்னலுக்கு வந்துவிட்டார். "அன்னைக்கு ஒன்னையக் கேக்காமச் சொன்னது தப்புதான். மறுநாளே சொல்லணும்னு நெனச்சேன். நீதான் மொகத்தத் திருப்பிக்கிட்டியே." அன்னத்தாய் ஏதோ சொல்ல ஆரம்பித்து, பக்கத்து வீட்டு மார்க்கை மறந்துபோனாள். அவள் எண்ணிப் பேசியது முதல் பத்து நிமிடம்தான். மிச்சம் பதினைந்து நிமிடம் சும்மாவே பேசினாள்.

இசக்கிமுத்துவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வெற்றிலை இருந்ததால் தப்பித்தார்.

முப்பது நிமிடம் முடிந்ததும் சுப்ரமணியன் மெஷினைக் காட்டினார். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

"இந்தக் குழந்தைக்குப் பிளெயின்தான் போலிருக்கே" என்று மாலதி மேடம் பேனாவை எடுத்தார். எழுதப் போனவர் நிறுத்தினார். ஃபார்மில் ஒரு கட்டம் இருந்தது: 'சொல் பிறந்த வீட்டின் எண்.'

"சுப்ரமணியன், சொல்லெல்லாம் எங்கே பிறந்தது?"

"பதினாலு பியில மேடம். இங்கே கேக்க மட்டும்தான் கேட்டுது."

"கேட்டதுக்குக் கட்டம் இல்லையே. பிறந்த வீட்டுக்குப் போடுங்கோ."

ஆகவே பதினாலு பியின் தொண்ணூற்றெட்டிலிருந்து ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டைக் கழித்து, மைனஸ் ஆயிரத்து முந்நூற்றுப் பதினாலு என்று எழுதினார்கள். பதினாலு ஏக்கு ஒரே ஒரு மார்க்தான் குறைந்தது. அவர்கள் எழுந்தபோது இசக்கிமுத்து அவசரப்பட்டு "அப்பாடா" என்றுவிட்டார். தொண்ணூற்றொன்பது.

ஸ்ரீதேவிக்கு மஞ்சள். அம்முவுக்குக் காவி.

மாரிசெல்வி அந்தப் பட்டையைத் தினமும் துவைத்தாள். அழுக்கானதால் இல்லை. துவைத்தால்தான் கொடியில் காயப்போட முடியும். கொடி அன்னத்தாயின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. பதினொரு நாள் அவளைப்போல் சந்தோஷமாக இருந்தவள் தாராவியில் கிடையாது.

பன்னிரண்டாம் நாள்தான் மகள் என்ன படிக்கிறாள் என்று கவனித்தாள்.

அப்பர் ஹையருக்கு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். கனமான புத்தகம், கண்ணாடித்தாள் சுற்றி ஒட்டியது. பிரிக்கக் கூடாது. முதல் மாதம் அட்டையைப் பற்றிப் பாடம். இரண்டாம் மாதம் முதுகு. மூன்றாம் மாதம் பின்பக்கம் ஒட்டிய விலைச் சீட்டு. வீட்டுப்பாடம்: 'இந்தப் புத்தகத்தைப் படிக்காமல் இருக்கும்போது உனக்குள் என்ன நடக்கிறது? இரண்டாயிரம் சொல்லில் எழுது.' ஸ்ரீதேவி ஆயிரத்துத் தொள்ளாயிரம் எழுதிவிட்டு மிச்சத்துக்கு நகத்தைக் கடித்தாள்.

வீடும் பிரிக்காத புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. எப்போது வந்து உட்காருவார்களோ தெரியாது. ஒரு முறைகூட வரவில்லை. வரக்கூடும் என்பதே போதுமானதாக இருந்தது. இசக்கிமுத்து பட்டறையிலேயே பேசித் தீர்த்துவிட்டுச் சாப்பிட மட்டும் வந்தார். தாயும் மகளும் முதலில் சீட்டு எழுதிப் பார்த்தார்கள். மாரிசெல்விக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஸ்ரீதேவிக்குத் தமிழ் எழுத வராது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதுவாள். பசிக்கிறது என்று அவள் எழுதிய சீட்டை மாரிசெல்வி பத்திரமாக மடித்து, காலேஜ் காகிதம் என்று சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

பலகைக்கு அந்தப் பக்கமோ நிலைமை வேறு. பிளெயின் வகுப்புக்கு அம்மிணி என்று ஒரு தற்காலிக டீச்சர் வந்திருந்தாள். தற்காலிகம் என்பதால் அவளைப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. பயிற்சி இல்லாததால் பாடம் நடத்துவதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியவில்லை. புத்தகத்தைத் திறப்பாள், கதையைச் சத்தமாகப் படிப்பாள், பிள்ளைகளைப் படிக்கச் சொல்வாள், கேள்வி கேட்பாள். அவ்வளவுதான். அம்மு சாயங்காலம் வந்து அதே கதையை அம்மா அப்பாவுக்கு இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்வாள். ஒன்பது வருஷப் பாக்கியை வைத்திருந்த பெரியவர் வரிக்கு வரி கேள்வி கேட்பார். அன்னத்தாய் சிரிப்பாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே மாரிசெல்விக்குத் தெரியாது.

மிக்ஸிக்குப் பட்ட பொறாமை ஒரு பொறாமையா? வாஷிங் மெஷினுக்குப் பட்டது ஒரு பொறாமையா? இந்தச் சிரிப்பைக் கேட்டபோது மாரிசெல்விக்கு வலது காது சுட்டது. தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே சுட்டது.

காலேஜுக்குப் போனாள்.

"எம்மகளுக்கும் ஒரு கதை சொல்லிக் குடுக்கப்படாதாம்மா?"

மாலதி மேடத்துக்கு அது புரியவே நேரமாயிற்று. "கதையா? அப்பர் ஹையர்லயா? கதை படிச்சா அது எப்படி முடியறதுன்னு தெரிஞ்சுடும்மா. முடிவு தெரிஞ்சவா யோசிக்க மாட்டா."

பக்கத்தில் இருந்த பிரின்சிபால் ஆமோதித்தார். "பிளெயின் பசங்களைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கு. இதுவரைக்கும் பதினெட்டுக் கதை படிச்சுட்டா. இனிமே அவாளுக்குன்னு என்ன பாக்கி? நான் புஸ்தகத்தைத் தொட்டு இருபத்திரண்டு வருஷம் ஆறது. அந்தக் கட்டுப்பாடு இருந்ததாலதான் இந்த நாற்காலி."

"அப்ப எம்மகள அந்தக் காவிப் பட்டைக்கே மாத்திருங்க சார்."

பிரின்சிபால் மேஜை இழுப்பறையைத் திறந்து மூடினார். "மேல வரதுக்கு ஃபார்ம் இருக்கு. கீழ போறதுக்கு நாங்க ஃபார்மே அடிக்கலை. யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையேம்மா." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "தொண்ணூறுக்குக் கீழே போனா தானா நடக்கும். ஆனா அப்படி நடந்தா பட்டையைப் பிரேயர்ல, எல்லாரும் பார்க்கக் கழட்டுவோம். குழந்தைதான் கஷ்டப்படும்."

எல்லோரும் பார்க்க. அன்னத்தாயின் மகளும் பார்க்க. மாரிசெல்வி கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அந்த வாரம் பி பக்கத்தில் ஒரு கோழிக்கதை நடந்துகொண்டிருந்தது. ஏதோ குளிர் ஊரில் அடுத்தடுத்த வீட்டில் இரண்டு கிழவிகள். ஒருத்தியிடம் ஒரு சேவல். ஊர்க் கண்காட்சியில் வருஷா வருஷம் கோப்பை வாங்கும் சேவல். மற்றவளுக்கு அதைப் பார்த்துச் சோறு இறங்கவில்லை. ஒரு விடியற்காலை, பனிமூட்டத்தில், சேவலைத் திருட ஒரு கோணிச்சாக்கோடு கிளம்புகிறாள். பாதி வழியில் பார்த்தால் எதிரே சேவல்காரி வருகிறாள், அவள் தோளிலும் ஒரு சாக்கு. அம்மு அங்கே நிறுத்தினாள். "கிளாசுல அதோட பெல் அடிச்சிட்டும்மா. மீதி நாளைக்கு."

அன்று ராச்சாப்பாட்டில் பதினாலு ஏயில் யாரும் கையைக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீதேவி ஒரு சீட்டு எழுதினாள். பிறகு அதைக் கிழித்துவிட்டு அம்மா காதருகே வந்து மூச்சுக்காற்றில், சாக்கில் என்ன இருக்கும் என்று பாதி இந்தியில் கேட்டாள். "மம்மி, அந்தச் சாக்குல க்யா ஹோகா?"

மறுநாள் ஆறு மணிக்கு, இசக்கிமுத்துவும் பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்திருந்த நேரம், மாலதி மேடமும் சுப்ரமணியனும் முன்னறிவிப்பில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தப் பக்கம் அம்மு கதையைத் தொடங்கிவிட்டாள். மாலதி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பனிமூட்டம் வந்தது. இரண்டு கிழவிகளும் நேருக்கு நேர் நின்றார்கள். "சேவல்காரி மெதுவாச் சாக்கக் கீழ வச்சு, வாயப் பிரிச்சா. உள்ள பாத்தா..." என்று அம்மு சொன்ன இடத்தில் அன்னத்தாயின் குக்கர் மூன்று விசில் அடித்தது. விசில் நின்றபோது பெரியவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

மாரிசெல்வி தன் கை பலகையைத் தட்டுவதைப் பார்த்தாள். தன் வாய் சொல்வதைக் கேட்டாள்.

"ஏ அம்மு, சாக்குல என்ன இருந்துச்சு? சரியாக் கேக்கல. திரும்பச் சொல்லு."

டிக் டிக் டிக் என்று ஒன்பது. சுப்ரமணியன் எழுதிக் காட்டினார். தொண்ணூற்றொன்பதில் ஒன்பது போனால் தொண்ணூறு. இனி ஒரு சொல் தாங்காது. இது வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. ஸ்ரீதேவி கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்திருக்கிறாளா இழுக்கிறாளா என்று தெரியவில்லை.

பலகைக்கு அப்பால் சிரிப்பு நின்றது. அன்னத்தாயின் குரல் வந்தது.

"யாரு, மாரியா? இத்தன நாளும் ஒட்டுக் கேட்டுக்கிட்டா இருந்த? என்னட்டி, பதில் சொல்லு."

மாரிசெல்வி வாயைத் திறந்தாள். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்ல பதில் ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றது. மாலதி மேடம் பேனாவை எடுத்தார். மாரிசெல்வி வாயை மூடினாள்.

"சொல்ல மாட்டியா? அப்ப சாக்குல என்ன இருந்துச்சுன்னு நாங்களும் சொல்ல மாட்டோம். வேணும்னா இங்கன வந்து கேளு."

முதலில் எழுந்தவர் இசக்கிமுத்து. மூன்று மாதமாகச் சட்னியைப் பற்றிப் பேசாத மனிதர். செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார். அவர் பின்னால் ஸ்ரீதேவி. அவள் பின்னால் மாரிசெல்வி, விருந்தாளிகளுக்கு நடுவே எழுந்து போகிற மரியாதைக் குறைவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு. அடுத்த நிமிடம் பி பக்கம் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

சுப்ரமணியன் மெஷினைப் பார்த்தார். "மேடம், இங்கேர்ந்து எண்ணினா தப்பு வரும். சொல் பிறக்கற இடத்துக்கே போயிட்டு வரேன்." போனார். முப்பது நிமிடமும் வரவில்லை.

சாக்கில் இருந்தது அந்தச் சேவல்தான். கோப்பை வாங்கும் சேவலை வளர்த்து வளர்த்துச் சேவல்காரிக்கு வெறுத்துப்போயிற்றாம். அது தின்கிற தீனி என்ன, அதற்குச் செய்கிற பணிவிடை என்ன. யாராவது எடுத்துக்கொண்டால் போதுமென்று, பக்கத்து வீட்டுக்காரியின் வாசலில் விட்டுவிட்டு ஓட வந்திருந்தாளாம்.

"இதுக்குத்தானா?" என்றாள் மாரிசெல்வி. அப்புறம் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் மகளின் கழுத்துப் பட்டையைப் பார்த்தாள்.

பதினாலு ஏயில் மாலதி மேடம் தனியாக உட்கார்ந்து கடமையை முடித்தார். ஃபார்மின் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது: மறுமுறை வருகையில் தொடர்ந்து முப்பது நிமிடம் ஒரு சொல்லும் பிறக்காத வீட்டுக்குப் பத்து மார்க் கூடுதல். வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று அந்த வரி சொல்லவில்லை. தொண்ணூறும் பத்தும் நூறு. பி வீட்டின் மைனஸ் கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே போய்விட்டதால் அதை எழுதவில்லை. அவர் போன பிறகு மாரிசெல்வி வந்து பார்த்தபோது, அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூல் பலகைப் பக்கமாக ஒரு சாண் நகர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு தினமும் ஆறு மணிக்குப் பதினாலு ஏ பூட்டிக்கொள்ளும். காலேஜிலிருந்து எத்தனை முறை வந்து வாசலில் உட்கார்ந்தாலும் பூரண மௌனம். ஸ்ரீதேவி கண்ணாடித்தாள் பிரிக்காத புத்தகத்தை மடியில் வைத்து, அதன்மேல் அம்முவின் புத்தகத்தை விரித்துப் படித்தாள். வருஷக் கடைசியில் ஸ்ரீ நித்யவாணி ஜூனியர் காலேஜ் 'ஆண்டின் மிகச் சிறந்த இங்கிலீஷ் இல்லம்' என்று ஒரு ஷீல்டு கொடுத்தது. மேடையில் பிரின்சிபால் பேசினார்: "இந்த வீட்டுக்கு எங்க ஸ்டாஃப் பதினாலு தடவை போயிருக்கா. ஒரு தடவைகூட யாரும் வாயைத் திறக்கலை. இதுதான் கல்வி."

ஷீல்டை மாரிசெல்வி தன் வீட்டில் மாட்டவில்லை. சாயங்காலம் இருக்கப்போவது அந்தப் பக்கம்தானே. பி வீட்டுச் சுவரில், அன்னத்தாய் தலையைத் திருப்பாமலே தெரிகிற இடத்தில், அவளே ஆணியடித்தாள். அன்னத்தாய் அதைப் பார்க்கும்போதெல்லாம் மாரிசெல்விக்குக் காது குளிர்ந்தது.

ஆனால் ஆறு மணிக்குக் கதை தொடங்கும்போது, காற்று வருகிற அந்த ஜன்னலுக்குப் பக்கத்து இடத்தில் இன்னும் அன்னத்தாய்தான் உட்காருகிறாள். மாரிசெல்வி ஐந்தரைக்கே போய்ப் பார்த்தாள். அப்போதும் அன்னத்தாய்தான் உட்கார்ந்திருந்தாள்.